அத்தியாயம் 5: கோப்பு இருவர் கையிலும் இருக்க வேண்டும்

அமெரிக்க வரனுக்குப் பெண்ணைப் பேசி முடிக்கும்போது நம் வீடுகளில் ஜாதகம் பார்க்கிறார்கள், படிப்பையும் சம்பளத்தையும் விசாரிக்கிறார்கள், மண்டபம் பிடிக்கிறார்கள். விசா பற்றிய பேச்சு மட்டும் "அதெல்லாம் மாப்பிள்ளை பார்த்துக்கொள்வார்" என்ற ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. பெண் அமெரிக்காவில் இருந்து மாப்பிள்ளை இங்கிருந்து போகும் குடும்பங்களிலும் இதே கதைதான். இந்த அத்தியாயம் அந்த ஒரு வரியை மறுக்கிறது. திருமணத்தின் பேரில் ஒரு நாட்டில் குடியேறும்போது மனுப் போடுபவர் ஒருவர். அதன் விளைவை வாழ்நாள் முழுக்கச் சுமப்பவர் இன்னொருவர். ஆகவே முழுக் கோப்பும், ஒரு தாள்கூடக் குறையாமல், குடியேறிப் போகிறவரின் கையிலும் இருக்க வேண்டும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் அமைந்திருக்கும் விதமே இதைக் கேட்கிறது என்பதைத்தான் இனி வரும் பக்கங்களில் காட்ட முயல்கிறேன்.

எழுத்து வசதிக்காக, அங்கே இருப்பவரைக் கணவர் என்றும் இங்கிருந்து போகிறவரை மனைவி என்றும் சொல்கிறேன். இடம் மாறினாலும் சட்டம் ஒன்றுதான். கட்டணங்களும் படிவங்களின் பதிப்புகளும் அடிக்கடி மாறுகின்றன. அவற்றை விண்ணப்பிக்கும் நாளில் அரசின் அதிகாரபூர்வ இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே சொல்வது, எளிதில் மாறாத அடிப்படை அமைப்பு.

மனு ஒருவருடையது, விளைவு இன்னொருவருடையது

அமெரிக்கக் குடிமகனோ க்ரீன் கார்டு வைத்திருப்பவரோ தன் மனைவிக்காக ஐ-130 என்ற மனுவைக் குடியேற்றச் சேவைத் துறையிடம் போடுகிறார். இந்த மனு அவருக்குச் சொந்தமானது. மனைவிக்கு நிரந்தர வசிப்புரிமை கிடைக்கும்வரை எப்போது வேண்டுமானாலும் அவர் அதைத் திரும்பப் பெறலாம். மனைவியின் சம்மதத்தை யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் மனு ஏற்கப்பட்ட பிறகு நடப்பவை பெரும்பாலும் மனைவியின் பொறுப்பில் வந்து விழுகின்றன. கோப்பு நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் உள்ள தேசிய விசா மையத்துக்குப் போகிறது. அங்கே நிரப்ப வேண்டிய டிஎஸ்-260 விண்ணப்பம் மனைவியின் பெயரில் இருக்கிறது. 16 வயதிலிருந்து குடியிருந்த முகவரிகள், பார்த்த வேலைகள், முன்பு மறுக்கப்பட்ட விசாக்கள் எல்லாவற்றையும் அது கேட்கிறது. எல்லாம் உண்மை என்று உறுதியளிப்பவரும் மனைவிதான். மருத்துவப் பரிசோதனை, விரல்ரேகை, மும்பைத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் என்று ஒவ்வொன்றுக்கும் அவரே நேரில் போய் நிற்கிறார். நேர்காணலில் கணவர் உடன் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெரும்பாலும் இருப்பதும் இல்லை.

விண்ணப்பத்தைக் கணவர் அமெரிக்காவில் உட்கார்ந்து நிரப்பினாலும், ஊரில் ஒரு ஏஜெண்ட் நிரப்பினாலும், அதில் முக்கியமான ஒரு தகவல் தெரிந்தே தவறாக எழுதப்பட்டிருந்தால் அது மனைவி சொன்ன பொய்யாகவே பதிவாகும் அபாயம் உண்டு. அந்தப் பதிவு அவருடைய நுழைவுக்கு நிரந்தரத் தடையாகலாம். விலக்கு கேட்க வழி இருந்தாலும் அது சுலபமாகக் கிடைப்பதில்லை. சில வருடங்களுக்கு முன் மாணவர் விசாவுக்கோ சுற்றுலா விசாவுக்கோ விண்ணப்பித்திருந்தால், அன்று சொன்ன பதில்கள் எல்லாம் தூதரகத்தின் கணினியில் இருக்கின்றன. அன்று எழுதிய வேலையும் முகவரியும் இன்று எழுதுவதோடு முரண்பட்டால் கேள்வி மனைவியிடம்தான் வரும். "அவர்தான் நிரப்பினார், எனக்குத் தெரியாது" என்ற பதிலுக்கு நேர்காணல் அதிகாரியின் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் மதிப்பில்லை. சுற்றுலா விசாவில் போய் அங்கேயே தங்கிவிடலாம் என்று உறவினர்கள் சொல்லும் குறுக்குவழியும் இதே வகைதான். தங்கும் திட்டத்தை மனத்தில் வைத்துக்கொண்டு சுற்றிப் பார்க்க வந்தேன் என்று சொல்வது சட்டத்தின் கண்ணில் பொய்.

எனவே கல்யாணப் பேச்சின்போதே மனைவியின் வீட்டார் கேட்க வேண்டிய முதல் கேள்வி, மாப்பிள்ளை குடிமகனா, க்ரீன் கார்டு வைத்திருப்பவரா, தற்காலிக வேலை விசாவில் இருப்பவரா என்பது. குடிமகனின் மனைவிக்கு ஆண்டு எண்ணிக்கை வரம்பு கிடையாது. தாள்கள் நகரும் வேகம்தான் காத்திருப்பு. க்ரீன் கார்டு வைத்திருப்பவரின் மனைவி எஃப்2ஏ என்ற பிரிவில் வரிசையில் நிற்கிறார். மனுப் போட்ட தேதியே அவருடைய இடம். அந்த இடம் எப்போது வரும் என்பதை வெளியுறவுத் துறை மாதாமாதம் வெளியிடும் விசா அறிக்கையில்தான் பார்க்க முடியும். இடையில் கணவர் குடிமகன் ஆகிவிட்டால் மனைவி வரிசையிலிருந்து விடுபடுகிறார்; ஆனால் அதைத் தெரிவித்துக் கோப்பை மாற்றச் சொல்ல வேண்டும். கோப்பின் சாவிகள் சில எண்கள்: ஐ-130 ரசீதில் மூன்று எழுத்தும் பத்து இலக்கமும் கொண்ட ரசீது எண், விசா மையம் தரும் வழக்கு எண், கூடவே வரும் இன்வாய்ஸ் எண். மும்பைக்கான வழக்கு எண் 'பிஎம்பி' என்று தொடங்கும். இவை தெரிந்தால் தன் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை மனைவியே பார்த்துக்கொள்ள முடியும். விசா எண் கைக்கு வந்துவிட்டது என்று அறிவிப்பு வந்தபின் ஓராண்டு காலம் எதுவும் செய்யாமல் விட்டால் பதிவையே ரத்து செய்யச் சட்டம் இடம் தருகிறது. ஒருவர் மறந்தால் இன்னொருவர் நினைவூட்ட வேண்டும்; அதற்கு இருவருக்கும் எண் தெரிய வேண்டும்.

பெயர், பிறப்பு, பதிவு

மனைவி மட்டுமே சேர்க்கக்கூடிய ஆவணங்கள் பல தமிழ்நாட்டிலேயே இருக்கின்றன. அமெரிக்காவுக்குப் போன பிறகு அவற்றை வாங்க அப்பாவைத் தாலுகா அலுவலகத்துக்கும் நகராட்சிக்கும் அலையவிட வேண்டியிருக்கும். திருமணச் சான்று அவற்றில் முதலாவது. கோயில் ரசீது, மண்டபப் பில், கல்யாணப் பத்திரிகை மூன்றும் துணைச் சான்றுகள்தான். அரசுப் பதிவு இல்லாமல் மனு நகராது. 2009-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி எந்த மதத்தவரானாலும் திருமணத்தை 90 நாட்களுக்குள் பதிய வேண்டும். சுயமரியாதைத் திருமணத்துக்கும் குறைவில்லை; 1967-ல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தத்தால் இந்து திருமணச் சட்டத்தின் 7ஏ பிரிவு அதை முழுமையாக ஏற்கிறது. மாப்பிள்ளையின் விடுமுறை குறுகியதாக இருப்பதால், பதிவுத் துறையில் என்றைக்குப் போவது என்பதை முகூர்த்த நாள் குறிக்கும்போதே சேர்த்துக் குறித்துவிடுவது நல்லது. இருவரும் ஒரே இடத்தில் இல்லாமல் காணொளி வழியாகத் தாலி கட்டி முடித்துக்கொள்ளும் எண்ணம் வேண்டாம். மணமக்கள் நேரில் இல்லாமல் நடந்த திருமணத்தை, அதன்பின் அவர்கள் இல்லற வாழ்வில் இணைந்தாலன்றி, அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் ஏற்பதில்லை.

அடுத்தது பெயர். இந்தச் சிக்கல் தமிழர்களுக்கு மற்ற இந்தியர்களைவிட அதிகம், ஏனென்றால் நமக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டு, மீனாட்சி என்று ஒரே பெயர் இருந்தால், அமெரிக்க விசாவில் அந்தப் பெயர் சர்நேம் இடத்துக்குப் போய்விடும். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யூ' என்று அச்சாகும். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. அந்த மூன்று எழுத்து க்ரீன் கார்டுக்குத் தாவும், ஓட்டுநர் உரிமத்துக்குத் தாவும், வங்கிக் கணக்கில் பெயர் கேட்பவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்ல வைக்கும். மனுப் போடுவதற்கு முன்பே பாஸ்போர்ட்டில் பெயரை இரண்டாகப் பிரித்துக்கொள்வதே நிவாரணம். அப்பா பெயரைச் சர்நேமாகப் போடுவதா, கணவர் பெயரையா என்பது உங்கள் விருப்பம். ஆனால் ஒரு முறை முடிவெடுத்தால் அதே பெயர், அதே எழுத்துக்கூட்டலில், எல்லாத் தாளிலும் இருக்க வேண்டும். திருமணச் சான்றில் ஒரு எழுத்துக்கூட்டல், பிறப்புச் சான்றில் வேறொன்று, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் மட்டும் என்று இருந்தால் ஒவ்வொன்றுக்கும் பிரமாணப் பத்திரம் தயாரிக்க வேண்டிவரும். எந்தத் தாளில் எந்தப் பெயர் இருக்கிறது என்று மனைவிக்குத் தெரியும்; அமெரிக்காவில் இருக்கும் கணவருக்குத் தெரிய வாய்ப்பில்லை.

பிறப்புச் சான்றிலும் இதே நிலைதான். நம் ஊரில் 'பெண் குழந்தை' என்று மட்டும் எழுதி, பெயர் எழுதாமல் விட்ட சான்றுகள் ஏராளம். பதிவு செய்த உள்ளாட்சி அமைப்பில் பெயரைச் சேர்க்க வேண்டும். பிறப்பே பதியப்படாமல் இருந்தால், பதிவு இல்லை என்ற சான்றையும், பள்ளிச் சான்று, பெற்றோரின் பிரமாணப் பத்திரம் போன்ற மாற்று ஆதாரங்களையும் சேர்த்துத் தர வேண்டும். காவல்துறை நற்சான்றுக்குப் பாஸ்போர்ட் சேவா வழியாக விண்ணப்பிக்கலாம். வேறு நாட்டில் வேலை பார்த்திருந்தால் அந்த நாட்டுச் சான்றும் தேவைப்படலாம். அமெரிக்காவில் குடியேற்றச் சேவைத் துறையிடம் தரும் தமிழ்த் தாள் ஒவ்வொன்றுக்கும் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். மொழிபெயர்த்தவர், தனக்கு இரு மொழியும் தெரியும், மொழிபெயர்ப்பு சரியானது என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும். இத்தனையையும் மனைவி தன் கையால் சேர்க்கும்போதே கோப்பின் பாதி அவருடையதாகிவிடுகிறது.

உண்மையான திருமணம் என்றால் என்ன

திருமணச் சான்று, சட்டப்படி கல்யாணம் நடந்தது என்பதை மட்டும் நிறுவுகிறது. அது உண்மையான கல்யாணமா, விசாவுக்காக நடந்த கல்யாணமா என்பது தனிக் கேள்வி. 1953-ல் லுட்வாக் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், சேர்ந்து வாழும் எண்ணமே இல்லாமல் நுழைவுக்காகச் செய்துகொண்ட திருமணங்களை வைத்துக் குடியேற்றச் சலுகை பெற முயன்றவர்களின் தண்டனையை உறுதி செய்தது. 1975-ல் பார்க் வழக்கில் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அளவுகோலைத் தெளிவாக்கியது: மணந்துகொண்ட நேரத்தில் இருவருக்கும் சேர்ந்து ஒரு வாழ்க்கையை அமைக்கும் நோக்கம் இருந்ததா என்பதே கேள்வி. பின்னர் பிரிந்தார்கள் என்பது மட்டுமே அந்தத் திருமணத்தைப் போலியாக்கிவிடாது என்றும் அது சொன்னது. இந்த இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்துப் பார்த்தால் நமக்கு ஒன்று விளங்கும். நோக்கம் மனத்தில் இருப்பது; அதைத் தாளில் காட்ட வேண்டிய பொறுப்பு விண்ணப்பிப்பவர்களுடையது.

"நாங்கள் உண்மையாகக் கல்யாணம் செய்துகொண்டவர்கள், எதற்குச் சான்று சேர்க்க வேண்டும்?" என்று கேட்பவர்கள் உண்டு. சான்று தேடுவது தாம்பத்தியத்தைக் கேவலப்படுத்துவதுபோலத் தோன்றுவது இயல்புதான். ஆனால் மேசைக்கு அப்பால் இருக்கும் அதிகாரிக்கு உங்களைத் தெரியாது. அவர் முன் இருப்பது தாள் மட்டும். போலித் திருமணம் என்று ஒரு முறை முடிவாகிவிட்டால் பிற்காலத்தில் வேறு மனுக்களும் நிரந்தரமாக அடைபடும். குற்றமாக நிரூபணமானால் 5 ஆண்டு வரை சிறையும் 250,000 டாலர் வரை அபராதமும் உண்டு. இவ்வளவு கடுமையான விளைவு இருக்கும் இடத்தில் உண்மையானவர்களும் தங்கள் உண்மையைக் காட்டத் தயாராக இருப்பதே நியாயம்.

பெற்றோர் பார்த்துச் செய்த கல்யாணத்தில், பழகிய காலமே இல்லை, என்ன காட்டுவது என்று கவலைப்படுபவர்களும் உண்டு. ஏற்பாட்டுத் திருமணம் என்பதற்காக மனு மறுக்கப்படுவதில்லை. நம் கல்யாணம் இயல்பாகவே சாட்சிகள் நிறைந்த கல்யாணம். நிச்சயதார்த்தப் படம், இரு வீட்டாரும் நிற்கும் முகூர்த்தப் படம், பெயர் அச்சிட்ட பத்திரிகை, மண்டப ரசீது, மறுவீட்டுப் படம் எல்லாம் வீட்டிலேயே இருக்கின்றன. திருமணத்துக்குப் பிறகுதான் பற்றாக்குறை தொடங்குகிறது. கணவர் விடுமுறை முடிந்து போன பிறகு பேசிய அழைப்புப் பதிவுகள், அவர் மறுபடி வந்துபோன பயணச்சீட்டுகள், காப்பீட்டில் மனைவியை வாரிசாகப் போட்ட தாள், அனுப்பிய பணத்தின் ரசீது ஆகியவற்றை மாதத்துக்கு ஒருமுறை தேதி வரிசையில் சேமித்துவையுங்கள். இல்லாத ஒன்றை உருவாக்க வேண்டாம். இருப்பதைத் தொலைக்கவும் வேண்டாம்.

இரண்டாண்டு அட்டை

இந்த அத்தியாயத்தின் வாதத்துக்கு மிக வலுவான ஆதாரம் 1986-ல் வந்த குடியேற்றத் திருமண மோசடித் திருத்தச் சட்டம். நிரந்தர வசிப்புரிமை கிடைக்கும் நாளில் திருமணமாகி இரண்டு ஆண்டு நிறையாதவருக்கு நிபந்தனைக்குட்பட்ட வசிப்புரிமைதான் கிடைக்கும்; அட்டை இரண்டு ஆண்டுக்கு மட்டும் செல்லும். விசாவில் 'சிஆர்1' என்று இருந்தால் இந்த வகை. இரண்டு ஆண்டு கடந்திருந்தால் 'ஐஆர்1', அதற்குப் பத்தாண்டு அட்டை. விசா வந்தபின் இரண்டாம் ஆண்டு நிறைவுக்கு இன்னும் சில நாட்களே இருந்தால், பயணத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்வது ஒரு முழு மனுவையே மிச்சப்படுத்தும். இரண்டாண்டு அட்டை பெற்றவர், அது முடியும் தேதிக்கு முந்தைய 90 நாட்களுக்குள் ஐ-751 என்ற மனுவைக் கணவரோடு சேர்ந்து போட்டு நிபந்தனையை நீக்கிக்கொள்ள வேண்டும். போடாமல் விட்டால் வசிப்புரிமை முடிந்துவிடும். நாடு கடத்தும் நடவடிக்கை தொடங்கலாம்.

இப்போது யோசியுங்கள். நிபந்தனையை நீக்க, இந்த இரண்டு ஆண்டும் சேர்ந்து வாழ்ந்தோம் என்று காட்ட வேண்டும். வாடகை ஒப்பந்தம், கூட்டு வங்கிக் கணக்கு, சேர்ந்து தாக்கல் செய்த வருமான வரி, மருத்துவக் காப்பீடு, மின்கட்டணம் போன்றவற்றைத்தான் கேட்பார்கள். வீடு கணவர் பெயரில், வங்கி கணவர் பெயரில், கார் கணவர் பெயரில், தபால் எல்லாம் கணவர் பெயரில் என்று இருந்தால், இரண்டு ஆண்டு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த மனைவிக்குத் தான் அங்கே வாழ்ந்ததற்கான ஒரு தாள்கூட இருக்காது. திருமணம் நன்றாக இருந்தால் இது சிரமம். முறிந்துபோனால் இது பேராபத்து. கணவர் சேர்ந்து கையொப்பமிட மறுத்தாலும், மணவிலக்கு ஆனாலும், கணவர் இறந்தாலும், கொடுமை நடந்திருந்தாலும் மனைவி தனியாகவே ஐ-751 போடச் சட்டத்தில் வழி இருக்கிறது. அதற்கு 90 நாள் கட்டுப்பாடும் இல்லை. ஆனால் கணவர் உயிரோடு இருந்து கையொப்பமிட மறுக்கிறார் என்பது மட்டும் போதாது. மணவிலக்கோ, கொடுமையோ, நாடு திரும்பினால் நேரும் கடுந்துன்பமோ காரணமாக இருக்க வேண்டும். அப்போதும், உண்மையான நோக்கத்தோடுதான் மணந்தேன் என்பதை மனைவியே நிறுவ வேண்டும். சட்டம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அதற்குள் நுழையத் தேவையான தாள்கள் யாரிடம் இருக்கின்றன என்பதே கேள்வி. எனவே அமெரிக்காவில் இறங்கிய முதல் மாதத்திலேயே வாடகை ஒப்பந்தத்தில் பெயர் சேர்ப்பது, கூட்டுக் கணக்கு தொடங்குவது, ஒரு கட்டணப் பில்லையாவது தன் பெயரில் வாங்குவது ஆகியவற்றைக் குடித்தனம் அமைக்கும் வேலையின் பகுதியாகவே செய்யுங்கள்.

கணவர் போடும் கையெழுத்து

கோப்பில் ஐ-864 என்ற ஒரு படிவம் இருக்கும். மனைவியை அரசின் நல உதவியில் விழாமல் தாங்குவேன் என்று கணவர் அமெரிக்க அரசோடு செய்துகொள்ளும் ஒப்பந்தம் அது. குடும்ப எண்ணிக்கைக்கு ஏற்ற வறுமைக்கோட்டு அளவில் 125 சதவீதம் வருமானம் அவருக்கு இருக்க வேண்டும். போதவில்லை என்றால் இன்னொருவர் கூட்டுப் பொறுப்பேற்கலாம். பலர் இதை ஒரு சடங்குப் படிவமாக நினைக்கிறார்கள். உண்மையில் இது நீதிமன்றத்தில் செல்லும் ஒப்பந்தம். மனைவி குடியுரிமை பெறும்போதோ, 40 காலாண்டு வேலைக் கணக்கு சேரும்போதோ, வசிப்புரிமையைக் கைவிட்டு நாட்டை விட்டு நிரந்தரமாகப் போகும்போதோ, இருவரில் ஒருவர் இறக்கும்போதோதான் பொறுப்பு முடிகிறது. மணவிலக்கு இந்தப் பொறுப்பை முடிப்பதில்லை. இதை வைத்து மனைவியே வழக்குத் தொடரலாம். 2012-ல் லியூ எதிர் மண்ட் வழக்கில் ஏழாம் வட்ட நீதிமன்றம், மனைவி வேலை தேட முயலவில்லை என்ற காரணத்தைச் சொல்லிக் கணவர் இந்தப் பொறுப்பைக் குறைத்துக்கொள்ள முடியாது என்று தீர்ப்பளித்தது. கையெழுத்திடுபவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும், யாருக்காகக் கையெழுத்திடப்படுகிறதோ அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே ஐ-864-இன் நகல் மனைவியிடம் கட்டாயம் இருக்க வேண்டும்.

மறுப்புகளுக்குப் பதில்

முதல் மறுப்பு மிகப் பழையது: கல்யாணம் ஆவதற்கு முன்பே தனிக் கோப்பு வைத்துக்கொள்வது சந்தேகத்தில் தொடங்கும் குடும்பம் ஆகாதா? இந்த வாதத்தில் ஒரு பிழை இருக்கிறது. கோப்பு வெளியே வரும் சந்தர்ப்பங்களில் மணமுறிவு ஒன்றுதான். மற்றவை நோயும் விபத்தும் மரணமும். குடிமகனாகிய கணவர் மனு நிலுவையில் இருக்கும்போது இறந்துபோனால், மனைவி கைம்பெண்ணாகத் தன் பெயரிலேயே தொடரச் சட்டம் வழி செய்கிறது. மனுவே போடாமல் இருந்தால் இறந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அந்தத் துக்கத்தில் கணவரின் மின்னஞ்சல் கடவுச்சொல்லைத் தேடிக்கொண்டிருக்கும் நிலை யாருக்கும் வரக்கூடாது. அன்புள்ள கணவர்தான் முதலில் இதைச் செய்ய வேண்டும். தகவலைப் பகிர்வது நம்பிக்கையின் அடையாளம். மறைப்பதுதான் கேள்வி எழுப்ப வேண்டிய செயல்.

இரண்டாவது மறுப்பு, வக்கீல் இருக்கிறாரே என்பது. நல்ல வக்கீல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் குடும்ப மனுக்களில் ஒரே வக்கீல்தான் பெரும்பாலும் இருவருக்கும் ஆஜராகிறார், கட்டணம் கட்டுபவர் கணவர். இருவருடைய நலனும் பிரியும் நாளில் அந்த வக்கீல் மனைவிக்காக மட்டும் வாதாட முடியாது; அவர் விலகவேண்டி வரலாம். அதனால் தொடக்கத்திலேயே, எல்லாக் கடிதமும் எனக்கும் நகலாக வரவேண்டும் என்று மனைவி கேட்டுக்கொள்ளட்டும். இந்த வேலைக்குச் சட்டப்படி அனுமதி உள்ளவர்கள் வக்கீல்களும் நீதித் துறையின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகளும்தான். பயண ஏஜெண்டும் படிவம் நிரப்பித் தருபவரும் சட்ட ஆலோசனை தரக்கூடாது. எதுவும் கையில் இல்லை என்றாலும், தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ்த் தன் குடியேற்றக் கோப்பின் நகலை மனைவியே கேட்டு வாங்கலாம். அதற்குக் காலம் பிடிக்கும் என்பதுதான் குறை.

மூன்றாவது மறுப்பு, எனக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது என்பது. இந்தப் படிவங்களைப் புரிந்துகொள்ள இலக்கிய ஆங்கிலம் தேவையில்லை. ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று உட்கார்ந்தால் முடியும். பட்டப்படிப்பு முடித்து, வேலை பார்த்து, வங்கிக் கடன் விண்ணப்பம் நிரப்பியவர்கள் இந்தக் கோப்பின் முன் மட்டும் தங்களைக் குறைத்துக்கொள்ளக் காரணமில்லை.

கடைசி மறுப்பைச் சொல்ல யாருக்கும் விருப்பமில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும்: கொடுமை நடக்கும் வீடுகளில் கோப்பு கேட்டால் கொடுமை கூடாதா? கூடலாம். அத்தகைய வீடுகளில் பாஸ்போர்ட்டைப் பறித்து வைப்பதும் "ஊருக்கு அனுப்பிவிடுவேன்" என்று மிரட்டுவதும்தான் கட்டுப்படுத்தும் ஆயுதங்கள். அந்த மிரட்டலின் வலுவே மனைவிக்குச் சட்டம் தெரியாது என்பதில் இருக்கிறது. 1994-ன் பெண்களுக்கு எதிரான வன்முறைச் சட்டம், குடிமகனோ க்ரீன் கார்டு வைத்திருப்பவரோ செய்யும் கொடுமைக்கு ஆளானவர் தன் பெயரிலேயே ஐ-360 மனுப் போட வழி தந்திருக்கிறது. கணவர்களும் இதில் விண்ணப்பிக்கலாம். மனுவின் விவரத்தைக் கொடுமை செய்தவருக்குத் தெரிவிக்கக்கூடாது என்று அரசு அலுவலகங்களைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து. அது யாருக்கு வழங்கப்பட்டதோ அவரிடம் இருக்க வேண்டும். கோப்பைக் கேட்பதே ஆபத்து என்ற நிலையில் இருப்பவர்கள், தாள்களைப் படமெடுத்து நம்பகமான ஒருவரிடம் இங்கேயே வைத்துவிட்டுப் போகலாம். உடனடி ஆபத்துக்கு 911. ஆலோசனைக்குத் தேசியக் குடும்ப வன்முறை உதவி எண் 1-800-799-7233.

தற்காலிக விசாவில் போகிறவர்களுக்கு இந்த வாதம் இன்னும் கூடுதலாகப் பொருந்தும். எச்-1பி வேலை விசாவில் இருக்கும் கணவரோடு எச்-4 விசாவில் போகும் மனைவியின் இருப்பு முழுக்க அவருடைய வேலையைச் சார்ந்தது. வேலை போனாலும் மணவிலக்கு ஆனாலும் அந்தச் சார்பு அறுந்துவிடும். பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசாத் தாளின் தேதியைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். எதுவரை தங்கலாம் என்பதைச் சொல்வது ஐ-94 என்ற நுழைவுப் பதிவின் தேதி. கணவருக்கு நீட்டிப்பு வந்ததால் மனைவிக்கும் வந்துவிட்டது என்று எண்ணக்கூடாது. மனைவிக்குத் தனி விண்ணப்பம் உண்டு.

போன பிறகும் பராமரிக்க வேண்டியவை

க்ரீன் கார்டு வந்ததோடு வேலை முடிவதில்லை. வீடு மாறினால் 10 நாட்களுக்குள் ஏஆர்-11 என்ற படிவம் வழியாகப் புது முகவரியைத் தெரிவிக்க வேண்டும். கணவர் தெரிவித்தது மனைவிக்குச் செல்லாது. அமெரிக்காவுக்குள்ளேயே நிரந்தர வசிப்புரிமை கேட்டு ஐ-485 என்ற மனுப் போட்டுக் காத்திருப்பவர்கள், தங்கை கல்யாணம் என்றாலும் முன்அனுமதி வாங்காமல் விமானம் ஏறக்கூடாது; செல்லுபடியாகும் எச், எல் பிரிவு விசாவில் இருப்பவர்கள் போன்ற சில விலக்குகள் தவிர, மனு கைவிடப்பட்டதாகிவிடும். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வரும் வழக்கமும் கணக்கில் வரவேண்டிய ஒன்று. ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால், குடியுரிமைக்குத் தேவையான தொடர்ச்சியான வசிப்பு அறுந்ததாகக் கருத இடமாகிறது. ஓராண்டுக்கு மேல் ஆகுமானால் மறுநுழைவு அனுமதி முன்கூட்டியே வேண்டும், இல்லையென்றால் க்ரீன் கார்டே சிக்கலாகும். குடிமகனோடு சேர்ந்து வாழும் மனைவி 3 ஆண்டிலும் மற்றவர்கள் 5 ஆண்டிலும் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்பதால், ஒவ்வொரு பயணத்தின் தேதியும் பிற்காலத்தில் கேட்கப்படும். போன நாளையும் வந்த நாளையும் எழுதிவைக்கும் பழக்கம் முதல் பயணத்திலிருந்தே இருக்கட்டும்.

கோப்பை எப்படி வைப்பது? அசல்கள் ஒரு உறையில்: பாஸ்போர்ட், பிறப்புச் சான்று, திருமணச் சான்று. அரசுக்கு அனுப்பிய ஒவ்வொரு படிவமும், கையொப்பம் போட்ட பக்கம் உட்பட, இரண்டாவது பகுதியில். அரசிடமிருந்து வந்த ரசீதுகளும் கடிதங்களும் மூன்றாவதில். சேர்ந்து வாழ்ந்ததற்கான சான்றுகள் தேதி வரிசையில் நான்காவதில். முதல் பக்கத்தில் ஒரே தாளில் எண்களும் கெடு தேதிகளும்: ரசீது எண், வழக்கு எண், அட்டை முடியும் நாள், ஐ-751 போடத் தொடங்கும் நாள். இதன் மின்நகல் ஒன்று, மனைவிக்கு மட்டும் கடவுச்சொல் தெரிந்த மின்னஞ்சலில்.

திருமண நாள் குறித்துவிட்ட குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். பத்திரிகை அச்சடிக்கக் கொடுப்பதற்கு முன், பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரு மாலை உட்கார்ந்து இந்தக் கோப்பைப் பற்றிப் பேசட்டும். நீங்கள் எந்த நிலையில் இருக்கிறீர்கள், எந்த மனு, யார் நிரப்புவார்கள், நகல் எப்போது கிடைக்கும் என்ற நான்கு கேள்விகளைப் பெண் வாய்விட்டுக் கேட்கட்டும். மாப்பிள்ளை மனமுவந்து பதில் சொல்லட்டும். பெற்றோர் அந்தப் பேச்சைத் தடுக்காமல் இருந்தாலே போதும். மகளுக்கு நீங்கள் செய்யும் சீரில் அதுவும் ஒன்று.